பால் மிசினும் ஒரு திறாங்கும்

போன கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரம், எங்கள் கணக்குப் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கச்சி ஏழு மாத வயிற்றோடு என் மேசைக்கு வந்து குனிந்து கேட்டாள். "அக்கா, பாலெடுக்கிற மிசின் எது நல்லம்?" பக்கத்து மேசைகளில் ஆண்கள் இருந்தபடியால் "மிசின்" என்பதை மட்டும் வெளியிலும் மற்றதை வாய்க்குள்ளும் சொன்னாள். "பிறகு சொல்லுறன்" என்று அனுப்பிவிட்டேன். அந்தப் பிறகுதான் இது.

என் மகள் 2021 ஒக்டோபரில் பிறந்தாள். இப்போது முன்பள்ளிக்குப் போய் என்னையே திருத்துகிறாள். நான் வேலை செய்வது தனியார் நிறுவனம். இலங்கைச் சட்டப்படி 84 நாள் லீவு. வார விடுமுறை, போயா என்ற பௌர்ணமி விடுமுறை எல்லாம் சேர்க்காமல் எண்ணினால் நாலு மாதத்துக்குக் கிட்ட வரும். அரசாங்க வேலைக்காரருக்கு அதற்கு மேல் அரைச் சம்பளத்தில் இன்னொரு 84 நாள் எடுக்க வழி இருக்கிறது. எங்களுக்கு இல்லை. ஆனால் கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் சொல்வது ஆறு மாதம்: "ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும், சொட்டுத் தண்ணிகூட வேண்டாம்." நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் இருக்கும் இரண்டு மாதத்தை யார் நிரப்புவது என்று சட்டமும் சொல்லவில்லை, கிளினிக்கும் சொல்லவில்லை. அந்த இடத்துக்குத்தான் மிசின் வந்தது.

கனடாவில் இருக்கும் மச்சாள் அனுப்பினாள். அவளுடைய மூத்தவன் மாதம் நிறையாமல் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கா பம்ப் பண்ணித்தான் பால் வற்றாமல் காப்பாற்றினாளாம். அவளுக்கு அது சாமி மாதிரி. சொக்லேற், சம்பூ போத்தல்களுக்கு நடுவில் புதுப் பெட்டியோடு ஒன்று வந்து சேர்ந்தது. தட்டையான இரண்டு கால் பிளக், எங்கள் வீட்டுச் சுவரில் எந்த ஓட்டைக்கும் பொருந்தவில்லை. இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மீன்தொட்டிக்குக் காத்தடிக்கிற சாமானோ?" என்று கேட்டார். மாமி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வழியாகப் பொருத்தி ஓட விட்டுக் காட்டியபோது மட்டும், "மாட்டுக்குப் பூட்டுற மாதிரிக் கிடக்கு" என்றார்.

முதல் நாள் அரை மணித்தியாலம் இருந்து எடுத்தது 20 மில்லிலீற்றர். வலி வேறு. அடுத்த நாளும் அதே. எனக்குப் பால் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். மாமியும் முடிவு கட்டிவிட்டார், ஆனால் அவர் அழுதுகொண்டிருக்கிற ஆள் இல்லை. பால்சுறா வாங்கி வறை வறுத்தார், உள்ளி அவித்துத் தந்தார், முருங்கையிலையை ஒரு நேரமும் விடவில்லை. நான் உள்ளியும் சுறாவும் மணக்க மணக்க மிசினைப் பூட்டிக்கொண்டு இருப்பேன். அப்போதும் 30, கூடிப்போனால் 40.

மூன்று கிழமைக்குப் பிறகு மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்த நாளில்தான் விஷயம் வெளித்தது. பூட்டிக் காட்டச் சொன்னார். "புனல் பெரிசு பிள்ளை. காம்பு மட்டும்தான் உள்ளுக்குப் போகவேணும், உனக்குச் சுத்தியிருக்கிற கறுப்பும் சேர்ந்தெல்லோ இழுபடுது." புனலின் அடியில் 28 என்று எழுதியிருந்தது. எனக்கு வேண்டியது 24. நாலு மில்லிமீற்றர் வித்தியாசத்துக்காக நான் மூன்று கிழமை அழுதிருக்கிறேன். அவர் சொன்ன இன்னொன்றையும் தங்கச்சி குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்: மிசினில் வருவது உன் பாலின் அளவு இல்லை. பிள்ளை உறிஞ்சுகிற மாதிரி மிசினுக்கு உறிஞ்சத் தெரியாது. பால் காணுமோ என்று பார்க்க வேண்டிய இடம் போத்தல் இல்லை, பிள்ளையின் கார்ட்டில் நிறைக் கோடு ஏறுகிறதா என்பது. என் மகளின் கோடு அந்த மூன்று கிழமையும் நல்லாகவே ஏறியிருந்தது.

சின்னப் புனல் வந்த பிறகு ஒரு தரத்துக்கு 80, 100 என்று வரத் தொடங்கியது. நான் வீட்டில் இல்லாத நேரத்துக்கு ஒரு 300 இருந்தால் போதும். சந்தோசமாக வேலைக்குப் போனேன். இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தால் மாமி, "பிள்ளை, உன்ர பால் திரைஞ்சு போச்சு, கால்படாத இடத்தில வாழைக்கு ஊத்திவிட்டன்" என்றார். திரையவில்லை. பிரிஜ்ஜில் வைத்தால் கொழுப்பு மேலே மிதந்து தனியாகத் தெரியும், மெல்ல ஆட்டிவிட்டால் கலந்துவிடும். நான்தான் சொல்லிக் கொடுக்காமல் போனேன். 120 மில்லிலீற்றர் வாழைக்குப் போனது. அன்றிலிருந்து மாமி அந்தப் போத்தல்களைத் துணி போட்டு மூடி வைத்தார். அது நாவூறுக்கு. பால் போத்தலைக் கண்டவர் நின்றவர் பார்க்கக்கூடாதாம். வெளிச்சம் படாமல் இருப்பதும் நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் அவர் எங்கள் எல்லோரையும்விடத் திறமாகச் செய்தார். சூப்பி போத்தல் வேண்டாம் என்று கிளினிக்கில் சொன்னதும், சின்னச் சில்வர் கோப்பையால் மகளின் கீழ் உதட்டில் முட்டவைத்து, அவள் நக்கி நக்கிக் குடிக்கும் மட்டும் பொறுமையாக இருப்பார்.

அலுவலகத்துக்கு வருவோம். பால் எடுக்க எனக்குக் காட்டிய இடம் பின் அறை. பழைய பைல்கள், கால் உடைந்த இரண்டு கதிரை, ஜெனரேற்றருக்கு எண்ணெய் வைக்கும் கான். கதவுக்குத் திறாங்கு இல்லை, உள்ளே இருந்து பூட்ட வழியில்லை. முதுகைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து நின்றபடி எடுப்பேன். யாராவது நடக்கும் சத்தம் கேட்டால் பால் அப்படியே நின்றுவிடும். பிறகு அறிந்தேன், பாலை இறக்கிவிடும் ஒக்சிரோசின் என்ற ஓமோன் பயத்தில் அடங்கிவிடுமாம். மிசின் வெளியில் இருந்து இழுக்கலாம், உடம்பு உள்ளே இருந்து விட வேண்டும். போனில் மகள் சிரிக்கும் வீடியோவைப் போட்டுப் பார்த்தால் இறங்கும். வாசலில் முகாமையாளரின் சப்பாத்துச் சத்தம் கேட்டால் ஏறிவிடும். இப்படி ஐந்து கிழமை.

அதற்குள் பொருளாதார நெருக்கடியோடு 2022 மார்ச் வந்துவிட்டது. அந்த மாதத்தை இங்கே யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மார்ச் கடைசியில் கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இல்லை. மிசின் பற்றரி இல்லாத வகை. பிரிஜ் வெறும் அலுமாரி. தாய்ப்பால் 25 பாகைச் சூட்டில் நாலு மணித்தியாலம் தாங்கும் என்பது கணக்கு. பங்குனி வெயிலில் கிளிநொச்சித் தருமபுரத்தில் எங்கள் தகரக் கூரைக்குக் கீழே 25 பாகை எங்கே இருக்கிறது? இவர் மீன்காரரிடம் ஐஸ் கட்டி வாங்கி ரெஜிபோம் பெட்டிக்குள் போட்டு அதற்குள் போத்தல்களை வைத்தார். பால் தப்பியது, பெட்டி முழுக்க சூடை மீன் மணம். பிறகு பெற்றோல் இல்லாமல் மீன்காரரும் வரவில்லை. 400 கிராம் பால்மா பக்கற் 790 ரூபாய்க்கு ஏறி, அதுவும் கடையில் இல்லாமல் சனம் வரிசையில் நின்ற நேரம். அது பெரியவர்களின் தேத்தண்ணிக்கு என்றாலும், மாவை நம்பிப் பிள்ளை வளர்க்க முடியாது என்று எனக்கு நல்லாய் உறைத்தது அப்போதுதான்.

கையால் எடுக்கப் பழகியது அந்தக் கிழமை. மிஸ் முதலே சொல்லித் தந்ததுதான், நான் கவனிக்கவில்லை. பெருவிரலும் சுட்டுவிரலும் கறுப்பின் விளிம்புக்குக் கொஞ்சம் பின்னால், முதலில் நெஞ்சுப் பக்கம் அமத்தி, பிறகு இரண்டையும் சேர்த்து, விட்டு, திரும்ப அமத்த வேண்டும். தோலில் உரசக்கூடாது. எனக்கு வரவில்லை. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தவர், "விடு, நான் காட்டுறன்" என்று கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அவர் கை வைத்ததும் பால் கோப்பையில் சீறி அடித்தது. எங்கே பழகினது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உன்ர சின்னம்மாவுக்குச் செய்தது" என்றார்.

சின்னம்மாவுக்கு 2009 தையில் பிள்ளை பிறந்தது. கடைசிச் சண்டையில் விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம் என்று ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்த காலம். ஒரு மாதம் நிறைய முதல் பிள்ளை இல்லாமல் போனது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. பிள்ளை போனது உடம்புக்குத் தெரியாது. பால் கட்டி, நெஞ்சு கல்லாகி, காய்ச்சல் வந்துவிட்டது. பங்கருக்குள் அம்மா அவவின் பாலைக் கையால் எடுத்திருக்கிறார். முதல் இரண்டு நாளும் மண்ணில் விட்டார்களாம். மூன்றாம் நாள் பக்கத்துப் பங்கரில் பால் வற்றிய ஒரு தாய், தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றிருக்கிறா. அந்தப் பிள்ளை மாத்தளன் போய்ச் சேரும்வரை அந்தப் பாலில்தான் வளர்ந்தது. அதற்கு அங்கால அம்மாவுக்குத் தெரியாது. சின்னம்மா இதைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை. என் மிசினை மட்டும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "நல்ல சாமான்" என்று வைத்துவிட்டுப் போனா.

இதன் பிறகு நான் காணும் தாய்மாரிடம் எல்லாம் வாயைக் கொடுத்துக் கேட்கத் தொடங்கினேன். ஆடைத் தொழிற்சாலையில் தைக்கும் ஒருத்தி, "மிசினா அக்கா? இலக்கு முடிக்கவே நேரம் காணாது" என்றாள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்க்கு வேலை நேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளை கொடுக்கவேண்டும் என்று சட்டம் இருப்பதைச் சொன்னேன். என்னைப் பாவம் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஒரு ரீச்சர், விலை குறைந்த றபர் பந்து வகையைப் பாமசியில் வாங்கி, பந்துக்குள் பால் போய்ப் பூஞ்சணம் பிடித்த கதை சொன்னா. அதை யாரும் வாங்காதீர்கள், உள்ளே கழுவவே முடியாது. முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போன இன்னொருத்தி சொன்னதுதான் என்னை விட்டுப் போகவில்லை. "பாரமான உடுப்பும் முகத்துக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு குந்தி இருக்கிறனாங்கள். நெஞ்சு நனைஞ்சு வழியும். இடைவேளைக்குள்ள மறைப்புக்குப் போய் மண்ணிலதான் பீச்சிவிட்டனான்." ஐந்தாம் மாதம் பால் நின்றுவிட்டதாம்.

ஆறாவது கிழமை நான் கடைக்குப் போய் ஒரு திறாங்கும் நாலு ஆணியும் வாங்கினேன். 350 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை இவரைக் கூட்டிக்கொண்டு போய், காவலாளி ஐயாவிடம் சொல்லிவிட்டு, பின் அறைக் கதவுக்கு உள்பக்கம் அடித்தோம். திங்கட்கிழமை முதன்முறையாக அந்தக் கால் உடைந்த கதிரைகளில் ஒன்றைச் சுவரில் சாத்திவிட்டு அதில் இருந்து பால் எடுத்தேன். கையால்தான். 15 நிமிடத்தில் 110. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முகாமையாளர் ஒருநாள் திறாங்கைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனதாக ஐயா சொன்னார்.

ஆகவே தங்கச்சி, எது நல்ல மிசின் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. வாங்குவதென்றால் புனல் அளவைப் பார், பற்றரியில் ஓடுமா என்று பார். என்னுடையதைத் தரமாட்டேன், கோபிக்காதே. அதன் குழாய்க்குள் பால் ஏறியிருக்கிறது, ஒருவர் பாவித்ததை இன்னொருவர் பாவிக்கக்கூடாத வகை அது. சனிக்கிழமை வீட்டுக்கு வா, அம்மா நிற்பார், கையால் எடுக்கக் காட்டச் சொல்லுகிறேன். வெட்கப்படாதே, அவர் உன் முகத்தைப் பார்க்கவே மாட்டார். பின் அறைத் திறாங்கு கொஞ்சம் கறள் பிடித்து இறுகிக் கிடந்தது. நேற்று தேங்காயெண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.