பாட்டு வெளியாகும் முன்னும் பின்னும்: ஒரு ராயல்டி நாட்குறிப்பு

பிப்ரவரி 3, 2025, திங்கள்

மார்ச் 14 வெள்ளிக்கிழமை வெளியீடு. தமிழ்த் தனிப்பாடல், நாலரை நிமிடம். வரிகள் ஒருவர், மெட்டும் குரலும் இன்னொருவர், புல்லாங்குழல், மிருதங்கம் வாசித்தவர்கள் இருவர். மிக்ஸிங் முடிவதற்குள் யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி நால்வரிடமும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பாட்டு ஓடிய பிறகு பேச உட்கார்ந்தால் பணமும் தகராறு, நட்பும் தகராறு.

தாளில் இரண்டு கணக்கு இருக்கும். வரியும் மெட்டும் சேர்ந்த பாடல் ஒரு சொத்து. அதைப் பாடி, வாசித்து, பதிவு செய்த மாஸ்டர் வேறொரு சொத்து. ஸ்பாட்டிஃபையும் ஆப்பிள் மியூசிக்கும் மாஸ்டருக்குத் தரும் பணம் டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது பாட்டை அந்தத் தளங்களில் ஏற்றித் தரும் நிறுவனம், மூலம் வரும். பாடலுக்கு உரிய பணம் அந்த வழியில் வராது. அதை இந்தியாவில் வசூலிப்பது பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்காக 1969 முதல் இயங்கும் பதிப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ். சுயாதீனக் கலைஞர்களில் நிறையப் பேர் டிஸ்ட்ரிபியூட்டரோடு நின்றுவிடுகிறார்கள். பாடலாசிரியரின் பங்கு கேட்பாரற்றுக் கிடக்கிறது.

2012 பதிப்புரிமைத் திருத்தத்தைப் பாடலாசிரியர் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உரிமையை லேபிளுக்கு (இசை வெளியீட்டு நிறுவனத்துக்கு) எழுதிக் கொடுத்துவிட்டாலும், ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. "எல்லாவற்றையும் ஒரே தொகைக்கு விட்டுக்கொடுக்கிறேன்" என்று எழுதி வாங்கினாலும் அந்த வாசகம் செல்லாது.

வாசித்தவர்கள் நிலைதான் மோசம். கால்ஷீட்டுக்குப் பேசிய தொகையோடு அவர்கள் கணக்கு முடிந்துவிடுகிறது. மாஸ்டரில் ஆளுக்கு 5 சதவீதம் என்று தாளில் எழுதுவது யாரையும் ஏழையாக்காது. பாடகர்களுக்காக 2013இல் தொடங்கப்பட்டு, பிறகு வாத்தியக் கலைஞர்களையும் சேர்த்துக்கொண்ட உரிமைச் சங்கமான இஸம்ராவில் அவர்கள் உறுப்பினராவதும் நல்லது.

பிப்ரவரி 10, திங்கள்

பாட்டின் நடுவே பாரதியார் வரிகள் நான்கு, விருத்தமாக. வரிகளுக்குத் தடையில்லை, அரசு வாங்கிப் பொதுவுடைமை ஆக்கியவை. ஆனால் பாரதி பாட்டுக்குப் பிற்காலத்தில் ஒருவர் போட்ட மெட்டு, போட்டவருடையது. சினிமாவில் கேட்ட மெட்டிலேயே பாடினால் உரிமைக் கோரிக்கை வரும். இங்கே ராகத்தில் புதிதாக விரித்துப் பாடியிருப்பதால் சிக்கல் இல்லை.

கர்நாடக இசைக்காரர்கள் இதில் அடிக்கடி தடுமாறுகிறார்கள். 1847இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனைகள் யாருக்கும் சொந்தமில்லை. பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல். ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு என்ற கணக்கில் 2033 முடியும்வரை அவர் பாடல்களுக்கு உரிமை உண்டு. மார்கழிக் கச்சேரிப் பதிவை ஆல்பமாக்கும்போது வயலின்காரர், மிருதங்கக்காரர் சம்மதமும் எழுத்தில் வேண்டும். வாசிப்பின் மீது அவர்களுக்குச் சட்டப்படி 50 ஆண்டு உரிமை இருக்கிறது.

இன்னொரு கண்ணி, இணையத்தில் வாங்கும் பீட், அதாவது ஆயத்தமான பின்னணி இசை. மலிவான உரிமத்தில் அதே பீட்டை நூறு பேருக்கு விற்றிருப்பார்கள். அதை வைத்துச் செய்த பாட்டை, ஒரே ஒலி எங்கே வந்தாலும் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப் கன்டென்ட் ஐடியில் பதிந்தால் மற்றவர்கள் பாட்டையெல்லாம் பிடிக்கும். அவர்கள் முறையிட்டால் உங்கள் கணக்கு முடங்கலாம். திரும்பத் திரும்ப ஓட்டும் சின்ன ஒலித்துண்டுகளான லூப் தொகுப்புகளும் அப்படித்தான். எல்லாரும் வாங்கக்கூடிய ஒலி பாட்டில் தனியாகக் கேட்கிறதென்றால் கன்டென்ட் ஐடி பக்கமே போக வேண்டாம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

கோப்புகள் ஏறின. மாஸ்டர் 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ். உச்சம் மைனஸ் 1 டெசிபல். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (கேட்கும் சத்தத்தின் அளவு) அளவுக்குக் கொண்டுவந்து ஒலிபரப்புவதால், நசுக்கி நசுக்கிச் சத்தம் ஏற்றிய மாஸ்டருக்கு ஆதாயமில்லை. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடப்பக்கத் தாழ்ந்த ஒலிதான் முதலில் சாகும். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல். குரல் இல்லாத வடிவமும் குரல், வாத்தியம் என்று தனித்தனியாகப் பிரித்த ஸ்டெம்களும் அதே நாளில் எடுத்துவைக்க வேண்டும். விளம்பரக்காரர் கேட்கும்போது பழைய ப்ராஜெக்ட் பாதி ப்ளக்-இன் இல்லாமல்தான் திறக்கும்.

பெயர்தான் பெரிய வேலை. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது இனிஷியல் முன்னே ஒருமுறை, பின்னே ஒருமுறை. ழகரத்துக்கு ஒருநாள் ஒரு எழுத்து, மறுநாள் வேறு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் உருவாகி, கேட்பவர் எண்ணிக்கை சிதறும். ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, டிஸ்ட்ரிபியூட்டர், ஐபிஆர்எஸ், யூடியூப் மூன்றிலும் அதையே போட வேண்டும்.

ஒரு பதிவை அடையாளம் காட்ட டிஸ்ட்ரிபியூட்டர் தரும், எழுத்தும் இலக்கமுமாக 12 இடமுள்ள ஐஎஸ்ஆர்சி எண்ணைப் பங்குத் தாளிலேயே குறித்தாயிற்று. பின்னாளில் டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றினால் இதே எண்ணையே கொடுக்க வேண்டும். புது எண் வாங்கினால் பழைய ஸ்ட்ரீம் எண்ணிக்கை கைவிட்டுப் போகலாம்.

மார்ச் 5, புதன்

பாடல் பட்டியல்களைத் தொகுக்கும் ஸ்பாட்டிஃபை ஆசிரியர் குழுவுக்குப் பாட்டை முன்வைத்தாயிற்று. வெளியீட்டுக்கு ஏழு நாள் முன்பாவது செய்தால், ஏற்கெனவே பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டுப் பட்டியலில் பாட்டு கட்டாயம் போகும். வெளியான பாட்டுக்கு இந்த வாய்ப்பே கிடையாது.

யூடியூப் வருமானம் உள்ளவர்கள், அந்தப் பணம் வந்துசேரும் கூகுள் கணக்கான ஆட்சென்ஸில் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பிவிட வேண்டும். நிரப்பாவிட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வரும் மொத்த வருமானத்தில் 24 சதவீதம்வரை பிடித்துக்கொள்ளலாம். வரி ஒப்பந்த நாடு இந்தியா என்று குறித்து பான் எண்ணைக் கொடுத்தால், அமெரிக்கப் பார்வையாளர்கள் மூலம் வந்த பங்கில் மட்டும் 15 சதவீதம். 1,000 டாலரில் 100 டாலர் அமெரிக்காவிலிருந்து என்றால் பிடித்தம் 240 அல்ல, 15.

மார்ச் 14, வெள்ளி

வெளியானது. "பத்தாயிரம் ஸ்ட்ரீம் இவ்வளவு ரூபாய்" என்று வாட்ஸ்அப் செய்திகளும் வரத் தொடங்கிவிட்டன. தொடவே கூடாது. போலி ஸ்ட்ரீம் அதிகமுள்ள பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை டிஸ்ட்ரிபியூட்டரிடம் அபராதம் வாங்குகிறது. அது கலைஞர் தலையில் விழலாம், பாட்டும் தூக்கப்படலாம்.

2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் எட்டாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் மாஸ்டர் ராயல்டி கிடையாது. சின்னக் கலைஞர்களுக்கு இது அநியாயம். அவர்களுக்குச் சேர வேண்டியது பெரியவர்களின் பங்கில் போய்ச் சேருகிறது. இதற்காகவே மாதம் ஒரு பாட்டு என்று அள்ளி வீசுவதைவிட, ஒரு பாட்டை ஓராண்டு தாங்கிப் பிடிப்பது மேல்.

மே 27, செவ்வாய்

மார்ச் மாத அறிக்கை வந்திருக்கிறது. இரண்டு மாதத் தாமதம் வழக்கம்தான். அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது மொத்தத் தொகையை அல்ல, நாடு என்ற பத்தியை. ஒரு ஸ்ட்ரீமுக்கு இவ்வளவு என்று நிலையான விலை எதுவும் இல்லை. ஒவ்வொரு நாட்டிலும் சந்தா, விளம்பரம் மூலம் சேரும் பணம் அங்கே கேட்கப்பட்ட அளவுக்கேற்பப் பிரிகிறது. இந்தியாவில் சந்தா மலிவு, இலவசமாகக் கேட்பவர்களும் அதிகம். அதனால் டொரொன்டோவிலோ லண்டனிலோ ஒரு தமிழர் கேட்பது, சென்னையில் கேட்பதைப்போலப் பல மடங்கு தரும். அடுத்த கச்சேரிக்கு எந்த ஊர் அமைப்பாளருக்கு எழுதலாம் என்பதற்கும் அந்தப் பத்தியே ஆதாரம்.

கச்சேரிச் சம்பளம்தான் இன்னும் வீட்டு வாடகையைக் கட்டுகிறது. கம்பெனி நிகழ்ச்சிகளில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்திருந்தால் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் அறிக்கையில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக் கணக்குத் தாக்கலில் வரியில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பப் பெறலாம். மேடையில் சொந்தப் பாடல்களைப் பாடியிருந்தால் நாள், அரங்கம், பாடல் பட்டியல் மூன்றையும் ஐபிஆர்எஸ்ஸுக்கு அனுப்ப வேண்டும்.

மிருதங்கக்காரருக்கும் புல்லாங்குழல்காரருக்கும் அறிக்கை நகலோடு அவரவர் 5 சதவீதம் இன்றே போகிறது. தொகை சிறியதுதான், அடுத்த மாதத்தோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், அது அப்படியே நின்றுபோகும்.