நானுஓயா நிலக்கரி மேடை, 1:87 அளவு மாதிரி ரயில்: இதுவரை முடிந்த வேலை

இலங்கை மலைநாட்டில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைவரை 1948 வரை ஒரு சின்னக் கோச்சி, அதாவது குறுகிய பாதை ரயில், ஓடியது. நீளம் ஏறத்தாழ 31 கிலோமீட்டர். 1903இல் நுவரெலியாவரை திறந்தார்கள், அடுத்த வருடம் இராகலைவரை. தண்டவாள அகலம் இரண்டரை அடி, அதாவது 762 மில்லிமீட்டர். பதுளைக்குப் போகும் பெரிய பாதையோ ஐந்தரை அடி, 1676 மில்லிமீட்டர். இரண்டு அகலமும் நானுஓயாவில்தான் சந்தித்தன. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரியானாலும் அரிசி மூட்டையானாலும், இங்கே ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றதில் ஏற்றியாக வேண்டும். அதனால்தான் மாதிரிக்கு இராகலையையோ நுவரெலியாவையோ எடுக்காமல், நானுஓயாவில் இரண்டு பாதையும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் ஒரு துண்டை எடுத்தோம்.

1:87, அதாவது நிஜத்தில் 87 மி.மீ. என்றால் மாதிரியில் 1 மி.மீ. இந்த அளவைத் தேர்ந்ததற்குக் காரணம் வெறும் கணக்கு. 762ஐ 87ஆல் வகுத்தால் 8.76 வரும். கடையில் கிடைக்கும் 9 மி.மீ. தண்டவாளம் அதற்குப் போதும், கால் மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 1:76இல் செய்தால் அதே 9 மி.மீ. இரண்டேகால் அடிப் பாதையாகிவிடும்.

பெரிய பாதையில்தான் சிக்கல். அதற்கு 19.25 மி.மீ. வேண்டும், வழக்கமான 16.5 மி.மீ. தண்டவாளத்தைப் போட்டால் பார்த்தவுடனே ஒல்லியாகத் தெரியும். ஆகவே 60 செ.மீ. நீளத்துக்குக் கையால் செய்தது. தண்டவாளத்துக்குக் குறுக்கே அடியில் கிடக்கும் சிலிப்பர் கட்டைகள் 32 மி.மீ. மரத் துண்டுகள். ஐந்துக்கு ஒன்று செம்புத் தகடு ஒட்டிய சர்க்கிட் பலகைத் துண்டு. தண்டவாளத்தை அந்தச் செம்பில்தான் சோல்டர் பண்ணுவது. செம்பின் நடுவே அரத்தால் ஒரு கோடு இழுத்து வெட்டிவிட வேண்டும், மறந்தால் இரண்டு தண்டவாளமும் ஷோர்ட் ஆகும். இந்தப் பாதையில் எதுவும் ஓடப்போவதில்லை, ஒரு நிலக்கரி வேகன் நிற்கும், அவ்வளவுதான். என்றாலும் வெட்டிவைப்பது நல்லது.

சின்னப் பாதைக்கு வாங்கிய 9 மி.மீ. தண்டவாளம் 1:160 அளவு ரயிலுக்காகச் செய்தது. அதன் கட்டைகள் மிக நெருக்கம். அப்படியே போட்டால் பொம்மை ரயில் பாதை போலவே இருக்கும். அடியிலுள்ள பிளாஸ்டிக் இணைப்பை வெட்டி, ஒன்று விட்டு ஒன்று கழற்றி, மிச்சத்தை 8 முதல் 9 மி.மீ. இடைவெளிக்கு நகர்த்தினால் நிஜப் பாதையின் தோற்றம் வரும். ஒரே மூச்சில் எல்லா இணைப்பையும் வெட்டினால் அகலம் தளர்ந்து போகும். பத்து கட்டை வெட்டி, ஒட்டி, காய்ந்த பிறகு அடுத்த பத்து.

பலகை 9 மி.மீ. பிளைவூட், அடியில் 2x1 அங்குலச் சட்டம். மலைநாட்டில் இங்கேதான் அதிகம் கெட்டுப்போகிறது. மழைக்காலத்தில் ஈரம் குடித்து வீங்கியிருக்கும் பலகையில் தண்டவாளத்தை முட்டமுட்டப் போட்டால், ஜனவரி, பெப்ரவரி வெயிலில் பலகை சுருங்கும், தண்டவாளம் சுருங்காது. நடுவில் வில் போல எழும்பி நிற்கும். மேல், கீழ், வெட்டிய ஓரம் எல்லாவற்றிலும் சாண்டிங் சீலர் (மரத்தின் துளைகளை அடைக்கும் பூச்சு) இரண்டு கோட் அடிக்க வேண்டும். ஓரத்தை விட்டால் அடித்தும் பயனில்லை, ஈரம் ஏறுவதே அந்த வழியாகத்தான். 90 செ.மீ.க்கு ஒரு தண்டவாள இணைப்பு வருகிறது. மழைக்காலத்தில் போட்டால் அதில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

ஏற்றத்துக்கு வருவோம். நானுஓயா நிலையம் 5291 அடி உயரம், நுவரெலியா 1868 மீட்டர். வித்தியாசம் சுமார் 250 மீட்டர். 1:87இல் அதுவே கிட்டத்தட்ட 3 மீட்டர், வீட்டுக் கூரையை முட்டும். ஆக நிஜ ஏற்றத்தைக் காட்ட நினைப்பதே வீண். 1க்கு 30 என்று ஒரு சரிவு, ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு. மீட்டருக்கு 33 மி.மீ. உயரும், 25 செ.மீ.க்கு ஒரு தாங்கி என்றால் ஒவ்வொன்றும் முந்தியதைவிட 8.3 மி.மீ. கூட. சமதளத்திலிருந்து சரிவுக்கு 30 செ.மீ. தூரத்தில் மெல்ல மாற வேண்டும். திடீரென்று முறித்தால் எஞ்சினின் முன்சக்கரம் அந்தரத்தில் நிற்கும், கொக்கிகளும் கழன்றுவிடும்.

70 கிராம் எஞ்சின், தலா 20 கிராம் வேகன். காகிதக் கணக்கில் இந்தச் சரிவில் ஒன்பது வேகன் ஏற வேண்டும். 25 செ.மீ. ஆர வளைவில் ஐந்துக்கு மேல் இழுக்கவில்லை. சக்கர விளிம்பு தண்டவாளத்தில் உரசுவதைக் கணக்கு பார்ப்பதில்லை. எஞ்சினின் தண்ணீர்த் தொட்டிக்குள் 20 கிராம் ஈயம் வைத்ததும் ஏழு ஏறியது. அதற்கு மேல் பாரம் ஏற்றினால் மோட்டர் சுடுகிறது. நிஜப் பெரிய பாதையிலும் 1க்கு 44 ஏற்றத்துக்கென்றே 1927இல் காரட் எஞ்சின் (ஒரே கொதிகலனுக்கு முன்னும் பின்னும் இரண்டு சக்கரத் தொகுதி உள்ளது) கொண்டுவந்தார்கள், ஏற்றத்தோடு போராடுவது நம் மேசையில் மட்டுமல்ல.

பாதை இரண்டாகப் பிரியும் பொயின்ட்டில் வண்டி தடம்புரண்டால் முதலில் பொயின்ட்டைத் திட்டாதீர்கள். சக்கரங்களின் உட்பக்க இடைவெளியை அளந்து பாருங்கள், 7.5 மி.மீ. இருக்க வேண்டும். வாங்கிய எட்டு ஜோடியில் மூன்று 7.1தான் இருந்தது, திருகி இழுத்ததும் சரியாயிற்று.

மேடையில் குவிக்கும் நிலக்கரிக்கு அடுப்புக் கரியை இடித்துச் சலித்தோம். கையளவுக் கட்டி இந்த அளவில் ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். தேயிலை வடிகட்டியில் தங்குவதை எடுங்கள், கீழே விழும் தூள் தரைக்கு. பசையும் தண்ணீரும் ஒன்றுக்கு மூன்று கலந்து மேலே சொட்டினால் அடுப்புக் கரி மிதந்து ஓடிவிடும், அத்தனையும் துளையுள்ள கரி. முதலில் கெட்டிப் பசை பூசி, கரியைத் தூவி அழுத்தி, ஒரு நாள் விட்டு, பிறகே நீர்த்த பசை. அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. கரி மங்கலாக இருக்கும், நிலக்கரி மினுங்கும். காய்ந்தபின் பளபளப்பு வார்னிஷைத் தூரிகை நுனியால் ஆங்காங்கே தொட்டால் வித்தியாசம் தெரியும்.

கொட்டகைத் தகரம் செலவில்லாமல் வந்தது. சாப்பாட்டுக் கடை அலுமினியத் தட்டை வெட்டி, அட்டை மேல் வைத்து, எம்5 போல்ட்டை அழுத்தி உருட்டினால் 0.8 மி.மீ. இடைவெளியில் நெளி விழும். நிஜத் தகரத்தின் மூன்று அங்குல நெளி இந்த அளவில் 0.88. போல்ட்டின் புரி சாய்வாக இருப்பதால் நெளியும் மூன்று பாகை சாயும். உருட்டிய பிறகு நெளிக்கு நேராக வெட்டுங்கள், முன்பே வெட்டினால் கூரை கோணலாகும்.

மண்ணுக்கு, குடித்த தேயிலைச் சக்கை. வெறும் வெயிலில் காயவைத்துப் போட்டது மூன்று வாரத்தில் பூஞ்சணம் பிடித்தது. இப்போது ஒரு தடவை கொதிக்கவைத்து, சாயம் வடித்து, வாணலியில் ஈரம் போகும்வரை வறுத்த பிறகே ஒட்டுகிறோம். பசைத் தண்ணீரில் கொஞ்சம் டெட்டோலும் சேர்க்கிறோம். இரண்டு மாதமாகப் பூக்கவில்லை.

மிச்சம் இருப்பது கூடைகள். எஞ்சினின் கரிப் பெட்டிக்கு மேடையிலிருந்து கரி சுமக்க, மூன்றரை மி.மீ. வாயகலத்தில் பன்னிரண்டு கூடை. நூலைப் பசையில் தோய்த்து ஆணி முனையில் சுற்றிப் பார்த்தோம். ஆணிக்கு முதலில் மெழுகு தடவாவிட்டால் கூடை கழன்று வராது.