மோட்டார் ஏன் ஓடலைன்னு கேட்டுச் சொல்லும் பெட்டி: மூன்றாம் மாதம்

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் மோட்டார் ஓடவில்லை என்றால் அப்பாரு எனக்குத்தான் போன் செய்வார். கோவையில் இருந்தபடியே ஒவ்வொன்றாகக் கேட்டு, கோளாறு எங்கே என்று சொல்வேன். அந்த வேலையைப் பழைய லேப்டாப் ஒன்றுக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். பேச்சை எழுத்தாக்க விஸ்பர் என்ற மென்பொருள், யோசிக்க ப்ரோலாக் என்ற தர்க்க நிரல்மொழி.

போன மாதம் வரை அது தப்பாகவே முடிவு கட்டியது. "வீட்டுல லைட்டு எரியுதுங்க" என்றால் கரண்ட் இருக்கிறது, மோட்டார்தான் போய்விட்டது என்றது. மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்திலும் இங்கே வீட்டில் விளக்கு எரியும், மோட்டார் ஓடாது. சரி, அது ஒரு விதி, எழுதிச் சேர்த்துவிட்டேன்.

பெரிய சிக்கல் வேறு. ப்ரோலாக்கில் ஒன்றை நிறுவ முடியவில்லை என்றால் அது பொய் என்றே ஆகிவிடும். பஸ் அட்டவணைக்கு இது பொருந்தும்: அதில் இல்லாத பஸ் கிடையாது. ஆனால் அப்பாரு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தே பார்க்கவில்லை என்றால், லோடு அதிகமானால் மோட்டாரை நிறுத்தும் ரிலே ட்ரிப் ஆகவில்லை, அதாவது விழவில்லை, என்று எப்படிச் சொல்வது?

வழி கிடைத்தது 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு வேலையில். எலக்ட்ரானிக் சர்க்யூட்டைப் பழுதுபார்க்கக் குரலால் வழிகாட்டும் அமைப்பு அது. செய்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஹிப். பின்னால் எஸ்க்யூலைட் (SQLite) என்ற தரவுத்தள மென்பொருளை எழுதியவர். நிறுவிக்கொண்டே போகும்போது எந்தத் தகவல் இல்லாமல் நிற்கிறதோ, அதையே கேள்வியாகக் கேள் என்பதுதான் அவர்கள் வழி. எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கேள்விப் பட்டியலே வேண்டாம், தர்க்கமே கேள்வியைக் கொண்டுவந்து தருகிறது.

இப்போது ஒவ்வொரு தகவலுக்கும் ஆமாம், இல்லை, இன்னும் தெரியாது என்று மூன்று நிலை. தெரியாததை மட்டும் கேட்கிறது: "பேனல்ல மூணு பல்பும் எரியுதுங்களா?" அது 'ங்க' போட்டுக் கேட்பதால் அப்பாருவும் 'ங்க' போட்டே பதில் சொல்கிறார்.

அப்புறம் காது. "எரியுதுங்க", "எரியலீங்க" இரண்டையும் விஸ்பர் மாற்றி எழுதிவிடுகிறது, முடிவே தலைகீழாகிறது. எல்லாவற்றையும் திருப்பிக் கேட்டால் அப்பாருவுக்குச் சலிப்பு. அதனால் பதிலை எதிர்மறையாக்கி ஒருமுறை உள்ளேயே ஓட்டிப் பார்க்கிறேன், முடிவு மாறினால் மட்டும், "எரியலைன்னுங்களா சொன்னீங்க?" என்று உறுதி செய்துகொள்கிறது. இந்த மாதம் செய்ததில் எனக்கு நிறைவு தந்தது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒன்று முளைத்தது. "ரிலே விழுந்திருந்துச்சுங்க, அமுக்கிவுட்டேன், ஓடுச்சு, மறுக்கா விழுந்துருச்சுங்க" என்றார் அப்பாரு. விழுந்தது, விழவில்லை இரண்டையும் லேப்டாப் ஒன்றாகவே வைத்துக்கொண்டு நின்றுவிட்டது. அவர் சொன்ன வரிசையில்தான் மோட்டார் அதிக லோடு இழுக்கிறது என்ற விடையே இருக்கிறது. அடுத்து, ஒவ்வொரு தகவலோடும் நேரத்தைச் சேர்க்க வேண்டும்.