டர்பனில் பழைய எட்டியோஸ் ஒன்றை வாங்கிய அனுபவம்: விலையும் நம்பகமும்

ஒரு லட்சம் ரேண்ட் அளவில் பழைய சிறிய கார் தேடுபவர்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, நம்பகத்தன்மைக்கான விலையை விற்பவர்கள் ஏற்கெனவே சேர்த்துத்தான் கேட்கிறார்கள் என்பதே. ஒரே ஆண்டில் வந்து ஏறக்குறைய ஒரே தூரம் ஓடிய இரண்டு கார்களில், டொயோட்டா பெயர் உள்ளதற்கு நாங்கள் பார்த்த இடங்களிலெல்லாம் பத்து, பதினைந்தாயிரம் ரேண்ட் கூடுதலாகக் கேட்டார்கள். எனவே எந்த கார் நம்பகமானது என்று விசாரிப்பதைவிட, அந்தக் கூடுதல் தொகைக்குக் கைமேல் என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதுதான் எங்களுக்குப் பயன்பட்டது.

நாங்கள் குடியிருப்பது டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில். என் மனைவி செவிலியர். இரவுப் பணி முடிந்து திரும்பும் நேரங்களில் மினிபஸ் டாக்ஸிகளை நம்பிக்கொண்டிருக்க முடிவதில்லை. அன்றாட ஓட்டம் ஹிகின்சன் ஹைவேயில்தான் என்றாலும், காவடிக்கும் உறவினர் வீட்டு விசேஷங்களுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய்வர வேண்டும். கடல் மட்டத்திலிருந்து அறுநூறு மீட்டருக்கும் மேலே ஏறிச் செல்லும் என்3 சாலையில், நான்கு பேரோடும் சாமான்களோடும் பாரவண்டிகளுக்கு நடுவில் திணறாமல் ஏறும் கார்தான் எங்களுக்குத் தேவைப்பட்டது. கையில் இருந்தது 1,20,000 ரேண்ட். வங்கிக் கடன் வேண்டாமென்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். மாதத் தவணையைச் சிறிதாகக் காட்டிவிட்டு, கடைசியில் ஒரு பெரிய தொகையை ஒரே தடவையில் கட்டச் சொல்லும் பலூன் திட்டத்தில் சிக்கியவர்களை எங்கள் தெருவிலேயே அறிவேன்.

முதலில் என் மனம் போனது ஹூண்டாய் ஐ10 பக்கம். ஸ்ரீபெரும்புதூர் அருகே செய்து இங்கே கப்பலேறி வந்த கார் என்ற ஊர்ப்பாசம் ஒரு காரணம்; 82,000 ரேண்ட் என்ற விலை இன்னொரு காரணம். 1.1 லிட்டர் இன்ஜின் நகரத்துக்குள் தாராளமாகப் போதும், உதிரிப் பாகங்களும் மலிவு. ஆனால் அந்த இன்ஜினில், வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்குவதும் குறித்த காலத்தில் மாற்ற வேண்டியதுமான டைமிங் பெல்ட் இருக்கிறது. அதை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு விற்பவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்து, இன்ஜினைத் திறக்கும் செலவு காரின் விலையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதையும் மாற்றிக்கொண்டு சமாளிக்கலாம் என்றுதான் எண்ணினேன். ஆனால் காற்றுப்பை இல்லாத இந்திய ஐ10, 2014இல் குளோபல் என்காப் நடத்திய மோதல் சோதனையில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை என்பதோடு, அதன் உடற்கூடும் போதிய அளவு தாங்கவில்லை என்று படித்த பிறகு என் மனைவி அதைப் பற்றிய பேச்சையே நிறுத்திவிட்டாள். விபத்துப் பிரிவில் வேலை பார்ப்பவளிடம் அதற்கு மேல் வாதாட என்ன இருக்கிறது?

அதே அமைப்பு 2017இல் ஆப்பிரிக்கச் சந்தையில் விற்கும் கார்களைச் சோதித்தபோது டொயோட்டா எட்டியோஸுக்கு நான்கு நட்சத்திரங்களும், ஃபோக்ஸ்வாகன் போலோ விவோவுக்கு மூன்றும், டாட்சன் கோ பிளஸ்ஸுக்கு ஒன்றும் கிடைத்தன. இதனால் பட்டியல் தானாகவே இரண்டாகச் சுருங்கியது. விவோ ஓட்டுவதற்கு இனிமையான கார். கதவைச் சாத்தும் சத்தத்திலேயே ஒரு கனம் தெரியும். எட்டியோஸ் அப்படியல்ல. ஸ்பீடோமீட்டரை ஓட்டுநருக்கு நேரே வைக்காமல் டாஷ்போர்டின் நடுவில் வைத்திருக்கும் அந்த அமைப்பு எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. உள்ளே எங்கு தட்டினாலும் மலிவான பிளாஸ்டிக் சத்தம்தான். ஆனால் அதன் 1.5 லிட்டர் இன்ஜினில் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருக்கிறது, மலையேறுவதற்கான இழுவையும் இருக்கிறது. பழைய 1.4 விவோவில் பெல்ட் செலவு உண்டு. போலோ வகைக் கார்கள் இங்கே அதிகம் திருடு போகின்றன என்பதால், காப்பீட்டுக்கு விசாரித்தபோது மாதாமாதம் கட்ட வேண்டிய தொகையும் எங்களுக்குக் கூடுதலாகவே வந்தது. மூன்று ஆண்டுக் காப்பீட்டு வித்தியாசத்தைக் கூட்டிப் பார்த்ததும், விவோவின் குறைந்த விலை குறைந்ததாகத் தோன்றவில்லை.

எட்டியோஸ் என்று முடிவானபின்தான் உண்மையான வேலை தொடங்கியது. 2012 முதல் 2020 வரை இங்கே விற்பனையான இந்த காரை வாடகை நிறுவனங்களும், செயலி வழியே டாக்ஸி ஓட்டுபவர்களும் நிறையவே வாங்கினார்கள். ஆகையால் சந்தையில் எட்டியோஸுக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் ஒரே குடும்பத்தின் கையில் இருந்த எட்டியோஸுக்குத்தான்.

புரோஸ்பெக்டனில் உள்ள டொயோட்டா ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது வீட்டுக் கொல்லையிலேயே கார்களைப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் எங்கள் பகுதியில் இருக்கிறார். அவரை எல்லோரும் அங்கிள் என்றே அழைக்கிறோம். கூலி பேசி அவரையும் கூட்டிக்கொண்டு ஒரு டீலரிடம் போனோம். 2017ஆம் ஆண்டு எட்டியோஸ், 74,000 கிலோமீட்டர், 1,12,000 ரேண்ட். பெயின்ட் பளபளத்தது, நான்கு டயர்களும் புதியவை. நானாக இருந்தால் அன்றைக்கே முன்பணம் கொடுத்திருப்பேன். அங்கிள் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஓட்டுநர் பக்கத்து சீட் பெல்ட்டைப் பிடித்து, அது முழுவதும் வெளியே வரும்வரை மெதுவாக இழுத்தார். வழக்கமாக யார் கண்ணிலும் படாமல் தூணுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும் கடைசி முழத்தில், நேர்கோடாக ஒரு பழுப்புக் கறை இருந்தது. விரலால் தேய்த்தால் மாவுபோல மண் ஒட்டியது. பிறகு சீட்டைப் பின்னால் தள்ளி அதன் தண்டவாளத்தைக் காட்டினார். போல்ட் தலைகளெல்லாம் துருவேறியிருந்தன. "தம்பி, இது தண்ணியில நின்ன வண்டி" என்று மட்டும் தமிழில் சொல்லிவிட்டு, டீலரிடம் சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில் நன்றி கூறினார்.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது. நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்த அந்த வெள்ளத்தில் புரோஸ்பெக்டன் ஆலையே மூழ்கி, மாதக்கணக்கில் உற்பத்தி நின்றது. அங்கு நனைந்த 4,000க்கும் மேற்பட்ட புதிய கார்களை டொயோட்டா விற்பனைக்கு விடாமல் அழித்தது. ஆனால் தெருவிலும் வீட்டு வாசலிலும் நனைந்த கார்களுக்கு அப்படியொரு முடிவு நேரவில்லை. காப்பீட்டு நிறுவனம் கைவிட்ட கார் ஏலத்துக்குப் போய், பழுதுபார்க்கப்பட்டு, பதிவில் சாதாரணப் பழைய காருக்குரிய கோட் 2 என்ற குறியோடே திரும்பி வர இடமிருக்கிறது. மறுகட்டுமானம் செய்ததற்கான கோட் 3 குறி இல்லையே என்று நிம்மதியடைவதில் பொருளில்லை. நீரில் நின்ற கார் உடனே நின்றுவிடாது என்பதுதான் இதில் உள்ள சங்கடம். வயரிங் இணைப்புகளுக்குள் பச்சை பூத்து, ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒவ்வொரு சென்சாராகக் காலை வாரும்.

டீலரிடம் வாங்குவதில் சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதங்களுக்குள் குறை தெரிந்தால் பழுதுபார்த்தோ மாற்றியோ தரும்படியும், பணத்தைத் திருப்பித் தரும்படியும் கேட்கலாம். ஆனால் குறை இன்னதென்று வெளிப்படையாகச் சொல்லி, வாங்குபவரும் ஒப்புக்கொண்டிருந்தால் அந்தக் குறைக்கு அந்த உரிமை பொருந்தாது. அந்த டீலரின் மேசையில் கையெழுத்துக்காகத் தயாராக இருந்த காகிதத்தில் "மின் இணைப்புகளில் தேய்மானம் இருக்கலாம்" என்ற வரியை நானே படித்தேன். தனியாரிடம் வாங்கினால் இந்தச் சட்டம் பொதுவாகத் துணைக்கு வராது. 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்று எழுதிக்கொடுத்து, இருக்கும் நிலையிலேயே விற்றுவிடுவார்கள். தெரிந்தே மறைத்த குறைக்கு மட்டும் விற்றவர் பொறுப்பாவார், அதையும் நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

இவ்வளவு தெரிந்தும் நாங்கள் தனியாரிடமே வாங்கினோம். ரிசர்வாயர் ஹில்ஸில் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியர் விற்ற 2014ஆம் ஆண்டு எட்டியோஸ் அது. ஓடிய தூரம் 1,81,000 கிலோமீட்டர். கேட்ட விலை 96,000. எண்களை மட்டும் பார்த்தால் முந்தையதைவிட மூன்று ஆண்டு பழையது, நூறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடியது, விலையோ பதினாறாயிரம்தான் குறைவு. ஆனால் அந்த அம்மா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் முதல் சர்வீஸிலிருந்து கடைசியாக மாற்றிய பேட்டரி வரை எல்லா ரசீதுகளையும் தேதி வரிசையில் அடுக்கி வைத்திருந்தார். ரசீதுகளில் குறிக்கப்பட்டிருந்த கிலோமீட்டர்கள் ஆண்டுக்கு ஆண்டு சீராக ஏறியதால், மீட்டரை யாரும் திருப்பவில்லை என்பது விளங்கியது. மகள் ஜோஹன்னஸ்பர்க்கில் இருப்பதால் பெரும்பகுதி நெடுஞ்சாலை ஓட்டம் என்பதும் தெரிந்தது. டோல்கேட்டுகள் வழியே ஒரே வேகத்தில் ஓடிய தூரத்தையும், ஊருக்குள் நின்று நின்று கிளட்ச்சைத் தேய்த்த தூரத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது அங்கிளின் கட்சி. நானும் அதே கட்சிதான்.

அங்கும் அவர் சலுகை காட்டவில்லை. நாங்கள் வரும்வரை இன்ஜினை ஓட்ட வேண்டாமென்று முன்பே சொல்லியிருந்ததால், பானெட்டைத் தொட்டு அது குளிர்ந்திருப்பதை உறுதி செய்துகொண்டே சாவியைத் திருப்பச் சொன்னார். ஸ்டீயரிங்கை முழுவதுமாக ஒரு பக்கம் ஒடித்து வட்டமடிக்க வைத்து, சக்கரத்திலிருந்து 'டக் டக்' என்ற சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டினார். செங்குத்தான தெருவில் மூன்றாம் கியரில் ஏறச் சொல்லி, வேகம் கூடாமல் இன்ஜின் சுழற்சி மட்டும் எகிறுகிறதா என்று பார்த்தார், கிளட்ச் வழுக்கவில்லை. ஸ்கேனரைச் செருகியபோது பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்பதோடு, காரின் சுயசோதனைகள் எல்லாம் முடிந்திருப்பதையும் காட்டினார். அவை முடியாமல் இருந்தால், நாம் வருவதற்குச் சற்று முன்புதான் யாரோ பிழைகளை அழித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டுமாம். கடற்காற்று அரிக்கும் இடங்களான கதவுகளின் அடிவிளிம்பையும் பேட்டரித் தட்டையும் தடவிப் பார்த்தார். குறைகளும் கிடைத்தன: முன் பிரேக் டிஸ்க்குகள் தேய்ந்திருந்தன, பின் ஷாக் அப்சார்பர் ஒன்றில் எண்ணெய்க் கசிவு இருந்தது, டயர் பக்கவாட்டின் நான்கு இலக்க எண்ணின்படி இரண்டு டயர்கள் 2016இல் செய்தவை. இவற்றைக் காட்டிப் பேசியதில் விலை 90,000 ஆனது.

இப்படி வெளியே தெரியும் குறைகள் எனக்கு அச்சம் தரவில்லை. பிரேக், டயர், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றுக்கு இன்ன செலவு என்று முன்கூட்டியே கணக்கிடலாம். கணக்கிட முடியாத செலவுக்குத்தான் நம்பகமின்மை என்று பெயர். 74,000 கிலோமீட்டர் காரில் அது மட்டுமே இருந்தது.

காகித வேலையில் கவனிக்க வேண்டியது பதிவுச் சான்றிதழான ஆர்சி1. அதில் 'டைட்டில்ஹோல்டர்' என்ற இடத்தில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை என்று பொருள். இங்கே 'டைட்டில்ஹோல்டர்', உரிமையாளர் என்ற இரண்டு இடத்திலும் விற்பவர் பெயரே இருந்தது. விண்ட்ஸ்கிரீனில் ஒட்டியிருந்த லைசன்ஸ் டிஸ்க்கில் உள்ள, காரின் அடையாள எண்ணான வின் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் காரில் பொறித்திருந்தவற்றோடு ஒப்பிட்டோம். சாலையில் ஓடத் தகுதியுள்ளதா என்று பார்க்கும் ரோட்வொர்த்தி சோதனையை எங்கள் செலவிலேயே, நாங்கள் தேர்ந்தெடுத்த நிலையத்தில் செய்துகொண்டோம். அந்தச் சான்றிதழ் 60 நாட்களுக்குத்தான் செல்லும். அது பிரேக், விளக்கு, ஸ்டீயரிங், டயர் போன்றவற்றைச் சொல்லுமே தவிர, இன்ஜினின் உள்நிலையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பணம் கொடுப்பதற்கு விற்பவரோடு அவருடைய வங்கிக் கிளைக்கே போனோம்; போலியான பணப் பரிமாற்றச் செய்திகளால் ஏமாந்தவர்கள் இங்கே பலர் என்பதால், கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்த பிறகே அவர் சாவியைத் தந்தார். உரிமை மாற்றத்தை அறிவிக்கும் என்சிஓ படிவத்தில் அவர் கையெழுத்திட, நாங்கள் பதிவுக்கு விண்ணப்பிக்கும் ஆர்எல்வி படிவத்தையும் அடையாள அட்டை, முகவரிச் சான்று ஆகியவற்றையும் வாகனப் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோய், சட்டம் கொடுக்கும் 21 நாள் கெடுவுக்குள் எங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டோம். கணினி இயங்கவில்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பியதைத் தவிர வேறு தொல்லை இல்லை.

மீதமிருந்த 30,000 ரேண்டைக் கார் வாங்கும்போதே அதற்கென்று ஒதுக்கியிருந்தோம். முன் டிஸ்க்குகளும் பேடுகளும், இரண்டு டயர்களும், இன்ஜின் எண்ணெய், கியர் எண்ணெய், கூலன்ட் ஆகியவையும் வாங்கிய மாதத்திலேயே மாறின. அங்கிளின் கூலியையும் சேர்த்து அதில் பாதிக்குச் சற்று மேல் செலவானது. இப்போது பின் ஷாக் அப்சார்பர்களைச் சோடியாக மாற்றுவதற்கு விலை கேட்டு வைத்திருக்கிறேன். காவடிக்கு மாரிட்ஸ்பர்க் கிளம்புவதற்கு முன் அதை முடித்துவிட வேண்டும் என்று அங்கிள் சொல்லியிருக்கிறார்.