சென்னைப் புழுக்கத்தில் பர்லி

மயிலாப்பூர் மொட்டைமாடியில் சுங்கான் (புகைக்குழாய்) பிடிப்பவனுக்குப் புழுக்கமே முதல் எதிரி. ஆகவே 1907 முதல் அமெரிக்காவில் விற்பனையாகும் பிரின்ஸ் ஆல்பர்ட் என்னும் பர்லி வகைப் புகையிலையைச் சுங்கான் கிண்ணத்தில் நிரப்புமுன் தாளில் பரப்பி, விரலிடையே நசுக்கினால் ஒட்டாமல் மெல்ல விரியும் பதம் வரும்வரை உலரவிடுகிறேன். மின்விசிறிக்கு அடியில் வைப்பதில்லை, தூள் பறந்துவிடும்.

பர்லி இலையை வாரக்கணக்கில் நிழலில் காற்றாட உலர்த்துவதால் அதன் சர்க்கரை பெரும்பாலும் செலவாகிவிடுகிறது. வர்ஜீனியா இலையின் இனிப்பு இதில் இராது, வறுத்த கடலைத்தோலின் வாசனையும் லேசான கொக்கோக் கசப்புமே முன்னிற்கும். சேர்க்கப்படும் மணச்சாறுகளை இவ்விலை பஞ்சாக உறிஞ்சிக்கொள்வது உற்பத்தியாளருக்கு வசதி. எனக்கோ அதுவே மனக்குறை, ஏனெனில் முதல் இழுப்புகளில் இலையின் சொந்தக் குணம் தெரிவதே இல்லை. பாதிக் கிண்ணம் கடந்தபின்தான் அது தலைகாட்டும், அதுவும் நிதானமாக இழுத்தால் மட்டுமே. அவசரப்பட்டால் சூடேறி வெறும் கசப்பாகிவிடும். அன்றாடத்துக்குப் போதுமானது, விருந்துக்குரியதன்று என்பதே என் மதிப்பீடு. உடலுக்குக் கேடென்பது தெரிந்ததே; பர்லியில் நிகோடினும் சற்று மிகுதியாதலால், வெறும் வயிற்றில் பிடித்தால் தலை சுற்றும்.