ஸ்டீயரிங் நின்றது, சீட் நிற்கவில்லை

தேவிபட்டினத்தில் நண்டு எடுத்து மண்டபத்துக்குக் கொண்டுபோகும் பழைய ஜீப் என்னுடையது; பின்சக்கரம் இழுக்கும் வண்டி. உச்சிப்புளி தாண்டி நேர் ரோட்டில் 70ஐத் தொட்டால் ஸ்டீயரிங் கையில் துடிக்கும், சீட்டுக்கடியில் உறுமும்.

எல்லோரும் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன், காசு போனதுதான் மிச்சம். வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ டயர் ஓரம் தேய்ந்தாலோதான் அலைன்மென்ட். நடுக்கத்துக்கு முதலில் பேலன்சிங்: ரிம்மில் சின்ன எடைகள் அடித்து, சக்கரத்தின் பாரத்தைச் சுற்றிலும் சமமாக்குவது.

பேலன்சிங் கடையில் சக்கரத்தைக் கழற்றியதும் பாதி காரணம் தெரிந்தது. அரியமான் கடற்கரை மணல் ரிம்மின் உட்புறம் அப்பி இறுகிக் கிடந்தது. உப்புக்காற்றில் கிளிப் துருப்பிடித்து, முன்பு அடித்திருந்த ஒரு எடை விழுந்திருந்தது. சுரண்டிக் கழுவி, இடதில் 35 கிராம், வலதில் 20 கிராம் அடித்தார்கள். கழுவாமல் அடித்தால் மணல் உதிர்கிற அன்றே கணக்குத் தப்பிவிடும்.

ஸ்டீயரிங் அமைதியாகிவிட்டது. சீட்டுக்கடி உறுமல் மட்டும் போகவில்லை. பின்சக்கரங்களையும் பேலன்ஸ் செய்து பார்த்தேன், மாற்றமில்லை.

கீழக்கரை மெக்கானிக் அண்ணன், "ஆளில்லாத ரோட்டுல 80ல நியூட்ரல் போட்டுப் பாருங்க தம்பி. என்ஜினை மட்டும் ஆஃப் பண்ணிராதீங்க" என்றார். போட்டேன். என்ஜின் வேகம் இறங்கியும் அதிர்வு அப்படியே இருந்தது. ஆக, என்ஜினும் கிளட்சும் இல்லை. சக்கரத்தோடு சேர்ந்து ஓடும் ஏதோ ஒன்று. அதுவும் துடிப்பாக இல்லாமல் ரீங்காரமாக இருந்தது. அந்த வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 10 சுற்று. கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டுதான் ஷாஃப்ட்; என் வண்டியில் அது அதைப் போல ஏறக்குறைய 4 மடங்கு சுற்றும். ரீங்காரம் என்றால் சந்தேகம் அதன்மேல்தான்.

அண்ணன் ஜாக்கி போட்டு, ஷாஃப்டின் இரு முனைகளிலும் இருக்கும் சிலுவை வடிவ மூட்டுகளான கிராஸ் இரண்டையும் ஆட்டினார். ஆட்டமே இல்லை. கொஞ்ச நேரம் படுத்தபடியே பார்த்துவிட்டு, "சமீபத்துல ஷாஃப்டைக் கழட்டுனாங்களா?" என்றார். வேறொரு இடத்தில் கியர்பாக்ஸ் ஆயில் சீல் மாற்றியபோது கழற்றினார்கள். மாட்டும்போது, ஷாஃப்டின் இரு துண்டுகளும் பல்லோடு பல் கோத்து நுழையும் நடு இணைப்பான ஸ்பிளைன், பல் தள்ளி ஏறியிருக்கிறது. சரியாக மாட்டுவதற்கான அடையாளமாகத் துருவுக்கடியில் இருந்த இரண்டு அம்புக்குறிகளும் நேருக்கு நேர் இல்லை. சாய்வில் சுற்றும் கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்டை இரண்டு முறை வேகப்படுத்தி, இரண்டு முறை தளர்த்தும். கிராஸைப் பிடித்திருக்கும் இரு முனைக் கவைகளும் நேருக்கு நேர் இருந்தால்தான் ஒன்றின் குலுக்கலை மற்றது அடக்கும்.

உருவி, துடைத்து, கிரீஸ் வைத்து, அம்புகளைச் சேர்த்து மாட்டினார். அன்று சாயங்காலமே மண்டபம் வரை 80ல் போனேன். டேஷ்போர்டில் வைத்த தண்ணீர் பாட்டில்கூட அலுங்கவில்லை.

ஷாஃப்டில் இரண்டு பக்கமும் மஞ்சள் பெயின்ட் கோடு போட்டுக்கொண்டேன். இனி யார் கழற்றினாலும் கண்ணில் படும்.