ஹொமாரே சவாவின் முன்கம்ப ஓட்டம்

15 வயதில் ஜப்பான் பெண்கள் கால்பந்து அணி. 6 உலகக் கோப்பைகள், 205 ஆட்டங்கள், 83 கோல்கள். 2015 டிசம்பரில் கடைசி ஆட்டம், பேரரசி கோப்பை இறுதி: அவருடைய கோபே அணி 1-0 என வென்றது, அந்தக் கோலும் சவா தலையால் முட்டியதுதான்!

ஆனால் திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டியது 2011 உலகக் கோப்பை இறுதி. 117-ஆவது நிமிடம், அமெரிக்கா 2-1 முன்னிலை. அயா மியாமா கார்னர் உதைக்கிறார். சவா முன்கம்பத்துக்கு, அதாவது கார்னர் உதைக்கும் பக்கமுள்ள கோல்கம்பத்துக்கு, பாய்ந்து, தடுப்பவரை முந்தி, வலது காலின் வெளிப்புறத்தால் தட்டிவிடுகிறார். கோல், 2-2! இதற்கு உயரம் தேவையில்லை, நேரம்தான் முக்கியம். சீக்கிரம் கிளம்பினால் பந்து முதுகுக்குப் பின்னால் போகும்; தாமதித்தால் தடுப்பவர் வெளியே அடித்துவிடுவார். பந்தும் வேகமாக, தாழ்வாக வரவேண்டும்.

பெனால்டியில் 3-1, கோப்பை ஜப்பானுக்கு. 5 கோலோடு தங்கக் காலணி (அதிக கோல் அடித்தவருக்கு), தங்கப் பந்து (சிறந்த வீராங்கனைக்கு) இரண்டும் சவாவுக்கு. இத்தனைக்கும் அவர் அப்போது முன்கள வீராங்கனையே இல்லை. 2008-இலேயே பயிற்சியாளர் நோரியோ சசாகி அவரைத் தடுப்பு நடுக்களத்துக்கு, அதாவது தடுப்பாட்டக்காரர்களுக்குச் சற்று முன்னால் நிற்கும் இடத்துக்கு, இறக்கியிருந்தார். எதிரணி முன்வரிசையையே கவனித்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து வருகிறவரை யார் பிடிப்பது? அந்த முடிவுக்காக சசாகியையும் பாராட்டவேண்டும்.